கதிரையில் இருந்துகொண்டே கதிரையைத் தூக்கலாமா?

போன ஐப்பசி மழைக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தங்கையின் மகள் வெள்ளவத்தையிலிருந்து கொலன்னாவைக்கு எங்கள் வீடு தேடி வந்தாள். ஓட்டோவிலிருந்து இறங்கும்போதே முகம் சரியில்லை. இரண்டு பொலித்தீன் பைகளால் சுற்றிய ஒரு லப்டொப்பை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“மாமா, இது செத்துப்போச்சு. புதுசுதான் வாங்கோணும் எண்டு அப்பா சொல்லிப்போட்டார்.”

“என்ன செய்யுது?”

“படிச்சுக்கொண்டிருக்கேக்கை திடீரெண்டு நீலத்திரை வருது. பிறகு தானா நிண்டு தானாத் தொடங்குது.”

“செத்தது தானா எழும்பித் தொடங்குமா?”

சிரித்துவிட்டாள். பாதி வைத்தியம் அத்தோடு முடிந்தது. மிச்சப் பாதிக்குத்தான் இரவு வரை சென்றது.

அடுத்து நான் கேட்டதை நீங்களும் நினைவில் வையுங்கள். “நீலத்திரையிலை ஒவ்வொரு முறையும் ஒரே செய்தியா வருது, வேறை வேறையா?”

“வேறை வேறை, மாமா. போனாலை படம் எடுத்து வைச்சிருக்கிறன்.”

எட்டாம் தரத்துப் பிள்ளை! பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு வேலையைச் செய்வதில்லை. “என்னமோ இங்கிலிசில வந்தது, பிறகு போயிட்டுது” என்பார்கள்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் வயிற்றுவலி என்றால், அவர் கடையில் தின்ற வடையைச் சந்தேகிக்கலாம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒவ்வொரு விதமாக வயிற்றைப் பிரட்டினால், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைத்தான் திறந்து பார்க்கவேண்டும். கணினியும் அப்படித்தான். ஒரே பிழைச்செய்தி திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு நிரலில் கோளாறு. நாளுக்கொரு செய்தி மாறி மாறி வந்தால், எல்லா நிரல்களும் குடிக்கிற தாங்கியில் சந்தேகம் வரவேண்டும். அந்தத் தாங்கிதான் ரெம் எனப்படும் நினைவகம்.

ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. சாட்சி எடுப்பதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. வன்பொருளைத் தட்டிப் பார்த்து, கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைக்கும் பரிசோதனை மென்பொருள்கள்.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் வேறு, டொக்டர் வேறு. கணினியில் டொக்டரும் நோயாளியும் ஒரே ஆள்! கேள்வி கேட்கும் மென்பொருள் அதே புரொசசரில் ஓடி, அதே ரெம்மில் உட்கார்ந்துதான் கேட்கிறது. காய்ச்சலில் பிதற்றுபவரிடமே “உமக்குக் காய்ச்சலா?” என்று கேட்டு, அவர் சொல்வதை நம்புகிற கதை. இந்தச் சிக்கலைக் கணினிக்காரர்கள் எப்படியெல்லாம் தாண்டினார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

முதல் தாண்டல், பவர் பொத்தானை அழுத்திய அடுத்த கணமே நடக்கிறது. விண்டோஸ் விழிப்பதற்கு முன், திரையில் வெளிச்சம் வருவதற்கும் முன், தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னச் சிப்புக்குள் எழுதிவைத்த நிரல் எழும்பிவிடுகிறது. புரொசசர் சரியா, ரெம் இருக்கிறதா, கீபோர்ட் பதில் சொல்கிறதா என்று வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. இதற்குப் பெயர் பவர் ஒன் செல்ஃப் டெஸ்ட். செல்லமாகப் ‘போஸ்ட்’. 1981 ஓகஸ்ட்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டபோதே அதில் போஸ்ட் இருந்தது. எல்லாம் சரியென்றால் ஒரு குட்டி ‘பீப்’ சத்தம். பிழையென்றால் வேறு விதமான சத்தங்கள்.

ஏன் சத்தம்? யோசியுங்கள். திரையே பழுதென்றால் “திரை பழுது” என்று எங்கே எழுதிக் காட்டுவது?

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் சத்தத்தின் வேலையை விளக்கு பார்க்கிறது. டெல் கணினிகள் பலவற்றில் ஒரு சிறு விளக்கு மஞ்சளாக இத்தனை தரம், வெள்ளையாக இத்தனை தரம் என்று மின்னும். எச்பி கணினிகளில் கெப்ஸ் லொக் விளக்கு கண் சிமிட்டும். எத்தனை தரம் மின்னியது என்று எண்ணிக் கொப்பியில் எழுதிக்கொண்டால், கம்பனியின் கையேட்டில் அதற்குப் பொருள் பார்க்கலாம். திரை இருட்டாக இருக்கிறதே என்று மூடிவைத்துவிடும் பலர், அந்தச் சின்ன விளக்கு தங்களோடு பேசிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதேயில்லை.

போஸ்ட் அவசரமாகப் பார்க்கிற பார்வை. கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவும் கம்பனிகள் தங்கள் கணினிகளுக்குள் பரிசோதனைகளை வைத்திருக்கின்றன. கணினி தொடங்கும்போது டெல்லில் எஃப்12ஐத் தட்டினால் வரும் பட்டியலில் அது இருக்கும். எச்பியில் எஃப்2. லெனோவோவின் திங்பேட்கள் பலவற்றில் எஃப்10. இவை விண்டோஸ் இல்லாமலே ஓடும் என்பதுதான் விசேஷம். விண்டோஸ் குழம்பிப்போயிருந்தாலும் இவற்றின் தலை தெளிவாக இருக்கும். (மருமகளின் லப்டொப் எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். அதன் மானத்தை நான் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

அது போஸ்டில் தேறிவிட்டது. உடனே அடுத்த சோதனைக்குப் போகலாம் என்று துடித்தாள். நான் விடவில்லை. முதலில் அவளுடைய பாடக் குறிப்புகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்தோம். இடையில் இரண்டு தரம் நீலத்திரை வந்து, இரண்டு தரமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். சாகக் கிடக்கிற ஹாட் டிஸ்க்கைச் சோதனை என்ற பெயரில் ஓட ஓட விரட்டினால், சோதனை முடிவதற்குள் அது உயிரை விட்டுவிடலாம். கோப்புகளைக் காப்பாற்றிய பிறகுதான் வைத்தியம்.

டிஸ்க் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஹாட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் தங்கள் உடல்நலக் குறிப்பைத் தாங்களே எழுதிக்கொண்டிருக்கின்றன. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். எத்தனை மணித்தியாலம் ஓடினேன், எவ்வளவு சூடானேன் என்று எல்லாம் அதில் இருக்கும். ஹாட் டிஸ்க்கின் குறிப்பில் 5ஆம் இலக்க வரி முக்கியமானது. பள்ளி மண்டபத்தில் ஒரு மேசை உடைந்தால், களஞ்சிய அறையிலிருந்து மேலதிக மேசை ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள் அல்லவா? ஹாட் டிஸ்க்கும் தன்னில் ஓர் இடம் கெட்டுவிட்டால், ஒதுக்கி வைத்திருக்கும் வேறோர் இடத்தை அதற்குப் பதிலாகக் கொடுக்கிறது. அப்படி எத்தனை மேசை மாற்றினேன் என்பதுதான் அந்த 5ஆம் வரி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் இந்தக் குறிப்பைத் திறந்து நமக்கு வாசித்துக் காட்டும். எங்கள் லப்டொப்பில் அங்கே பூச்சியம்.

“அப்ப டிஸ்க் நல்லம்!” என்றாள்.

அவசரப்படக் கூடாது. 2007இல் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் மூவர், தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாட் டிஸ்க்குகளைக் கவனித்து எழுதினார்கள். ஸ்மார்ட் குறிப்பில் பிழை காட்டிய டிஸ்க்குகள் சீக்கிரம் பழுதாகின என்பது உண்மைதான். ஆனால் பழுதானவற்றுள் பாதிக்கும் மேலானவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்திருந்தன! “எனக்கு ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டே படுத்துவிடும் அப்பப்பா மாதிரி. ஆகவே பிழை இருக்கிறது என்று இந்தக் குறிப்பு சொன்னால் நம்புங்கள். பிழை இல்லை என்று சொன்னால் பாதி நம்புங்கள்.

சூட்டையும் பார்த்தோம். புரொசசருக்குள்ளேயே வெப்பநிலை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. பல புரொசசர்கள் 100 பாகை செல்சியஸை நெருங்கினால் தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும். கட்டிலில் மெத்தைக்கு மேல் லப்டொப்பை வைத்துப் படிக்கிறவர்கள், கீழே உள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்கின்றன என்பதை யோசிக்கவேண்டும். இவளுடையது 60ஐச் சுற்றித்தான் நின்றது. சூடு குற்றவாளி அல்ல.

இனி ரெம்.

விண்டோஸோடு சேர்ந்தே மெமரி டயக்னோஸ்டிக் என்று ஒன்று வருகிறது. அதைத் தொடங்கினால், “கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்கவேண்டும்” என்கிறது.

“ஏன் மாமா? ஓடிக்கொண்டிருக்கேக்கையே பாக்கேலாதா?”

“நீ இருக்கிற கதிரையை, எழும்பாமல் ஒருக்காத் தூக்கிக் காட்டு பாப்பம்.”

உண்மையாகவே முயன்றாள். கதிரையோடு சேர்ந்து ஒரு துள்ளுத் துள்ளினாள். எங்கள் வீட்டு நாய் பயந்து கட்டிலுக்குக் கீழே ஓடியது.

விண்டோஸ் ரெம்மில் பரந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, மெலிந்த ஒரு சோதனை நிரல் மட்டும் உள்ளே வந்தால்தான் கதிரைகளைத் தூக்கிப் பார்க்க முடியும். சரி, அந்த மெலிந்த நிரலும் ஒரு கதிரையில் உட்காரத்தானே வேண்டும்? அதை யார் சோதிப்பது? கிறிஸ் பிரேடி என்பவர் 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற நிரல் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. தான் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைச் சோதிக்கும். பிறகு வேறோர் இடத்துக்குத் தன்னையே தூக்கிக்கொண்டுபோய் வைத்து, முன்பு இருந்த இடத்தைச் சோதிக்கும். கதிரை மாறி உட்காருதல்!

ரெம்மை எப்படிச் சோதிக்கிறார்கள்? அதற்கு ரெம்முக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். கோடிக்கணக்கான மிக நுண்ணிய கொள்ளளவிகள் இருக்கின்றன. மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் குட்டிக் குடங்கள் என்று நினையுங்கள். குடம் நிறைந்திருந்தால் 1, வெறுமையாக இருந்தால் 0. ஐபிஎம்மில் வேலை செய்த ரொபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. எல்லாக் குடமும் ஒழுகும் குடம் என்பதால், வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் வாசித்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். 8 ஜிபி ரெம்மில் இப்படி 6,800 கோடிக்கும் மேற்பட்ட குடங்கள்.

இத்தனை கோடி மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கவேண்டும். ‘சரி, பிழை’ போடும் பரீட்சை. ஒரு சோம்பேறிப் பையன் எல்லாக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ என்றே போடுகிறான் என்று வையுங்கள். நீங்கள் ‘சரி’ வரும் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தால் அவன் நூற்றுக்கு நூறு! ‘பிழை’ என்று வரவேண்டிய கேள்வியைக் கேட்டால்தான் பிடிபடுவான். 1இலேயே சிக்கிக்கொண்ட பழுதான பிட்டும் (ஒரு குடத்தில் இருக்கும் 1 அல்லது 0தான் ஒரு பிட்) இந்தப் பையன்தான். அதனால்தான் மென்பொருள் முதலில் 01010101 என்று எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கிறது. பிறகு அதே இடத்தில் தலைகீழாக 10101010 என்று எழுதி வாசிக்கிறது. 0, 1 என்று மாறி மாறி ஏன்? பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதும் பையன்களும் வகுப்பில் உண்டே! பக்கத்துக் குடம் நிறையும்போது தானும் நனைந்துபோகிற குடங்கள் அவை. பக்கத்துப் பக்கத்து ஆட்களுக்கு வேறு வேறு விடை வரும்படி கேள்வி கொடுத்தால் அவர்களும் அகப்படுவார்கள்.

சோதனை ஓடியது. வழக்கமாக இரண்டு சுற்று ஓடும். இரண்டாவது சுற்றில், வன்பொருள் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டதாகத் திரையில் எழுத்து வந்தது.

“அப்ப ரெம் பழுதுதான், மாமா.” குரல் இறங்கிவிட்டது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புதிய ரெம் என்ன விலை என்று கேட்கவேண்டும் என நானும் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். 2022இல் ரூபா விழுந்த பிறகு கணினிச் சாமான் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு யோசித்தேன். மென்பொருள் உண்மையில் என்ன சொன்னது? “நான் எழுதியது ஒன்று, திரும்ப வந்தது வேறொன்று.” அவ்வளவுதான் அது கண்டது. குடம் ஓட்டையா, தண்ணீர் கொண்டுபோன குழாய் ஓட்டையா என்று அதற்குத் தெரியாது.

சார்ஜரைப் பிடுங்கி, லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே பட்டரியின் இணைப்பையும் எடுத்தேன். (இது பெரியவர்களின் வேலை. ஸ்குரூ ட்ரைவரை எடுக்க முன் வீட்டில் கேளுங்கள்.) உள்ளே 4 ஜிபி ரெம் தகடுகள் இரண்டு, இரண்டு சொக்கட்களில் இருந்தன. தகடுகளுக்கு மூத்தவன், இளையவன் என்று அவள் பெயர் வைத்தாள். மெம்டெஸ்டை ஒரு பென் ட்ரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தோம். மேல் சொக்கட்டில் மூத்தவன்: பிழையில்லை. மேல் சொக்கட்டில் இளையவன்: திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

“பிடிபட்டான்!” என்று கத்தினாள்.

“பொறு. ஒருவேளை இரண்டாந்தரம் போடேக்கை சொக்கட் பிழை விட்டிருந்தால்?”

கீழ்ச் சொக்கட்டில் இளையவனை வைத்தோம். மறுபடியும் சிவப்பு. அதே இடத்தில் மூத்தவனை வைத்தோம். சுத்தம். ஆக, இளையவன் எங்கே போனாலும் பிழையும் அவன் பின்னால் போகிறது. சொக்கட்கள் நிரபராதிகள். இடம் மாற்றி மாற்றிப் பார்க்கும் இந்த வேலைக்கு எந்த மென்பொருளும் கிடையாது. கையும் பொறுமையும்தான்.

பிறகுதான் அந்தச் சிவப்பு வரிகளை ஆறுதலாக வாசித்தேன். எந்த முகவரியில் பிழை, எந்தப் பிட்டில் பிழை என்று மெம்டெஸ்ட் எழுதுகிறது. முகவரிகள் ஆயிரக்கணக்கில் வேறு வேறு. பிழையான பிட் மட்டும் எப்போதும் ஒன்றே! ஒரு ரெம் தகட்டுக்கும் புரொசசருக்கும் நடுவில் 64 பிட்டுகள் 64 தடங்களில் ஒரே நேரத்தில் போய் வருகின்றன. குடங்கள்தான் உடைந்திருந்தால் ஒவ்வொரு முகவரியிலும் ஒவ்வொரு பிட் பிழைக்கும், அல்லது ஒருசில முகவரிகளில் மட்டும் பிழைக்கும். எந்த முகவரிக்குப் போனாலும் அதே தடம் சறுக்கினால், பழுது வீடுகளில் இல்லை, வீதியில்.

வீதி எங்கே வெளியே தெரிகிறது? தகட்டின் விளிம்பில், சொக்கட்டைத் தொடும் பொன்னிறப் பற்களில். இந்த வகைத் தகட்டில் 260 பற்கள். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் மங்கலான ஒரு படலம். ஒரு மெல்லிய அழிறப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்து, தூசியைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன்.

முதல் சுற்றில் சிவப்பு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், மூன்றாவதும் சுத்தம். இரண்டு தகடுகளையும் போட்டு இரவு பத்து மணிவரை ஓடவிட்டோம். நாய் கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வந்தது.

தங்கம் துருப்பிடிக்காதே, பிறகெப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். பூசியிருப்பது மிக மெல்லிய தங்கம். அதிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே அடியில் உள்ள உலோகம் அரிக்கப்படலாம். தூசியும் ஈரமும் மேலே படியலாம். மருமகளின் வீடு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக் காற்றில் பொருக்கு விட்டிருக்கும். உப்பைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கண்ட சாட்சி இல்லாததால் தீர்ப்புச் சொல்லவில்லை.

எந்த மென்பொருளையும் தொடக்கவே கூடாத சமயமும் ஒன்று உண்டு. கொலன்னாவைப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரியவேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி எங்கள் பக்கமும் வெல்லம்பிட்டியும் வெள்ளத்தில் நின்றதை உங்கள் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு, பக்கத்து வீட்டுத் தம்பி நனைந்த லப்டொப்பை வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு, “வேலை செய்யுதோ பாப்பம்” என்று பவர் பொத்தானை அழுத்தினான். அழுத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். வெள்ளத் தண்ணீரில் உப்புகளும் அழுக்கும் கரைந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், போகக்கூடாத வழியில் போய்ச் சிப்புகளைக் கெடுக்கும், செம்புத் தடங்களை அரிக்கும். நனைந்த கணினியைத் தொடக்காதீர்கள், சார்ஜரில் போடாதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் பயனில்லை. திருத்துபவரிடம் கொண்டுபோய், திறந்து சுத்தம் செய்து காயவைக்கச் சொல்லுங்கள். பட்டரி உப்பி, கணினியின் அடிப்பாகம் பிதுங்கியிருந்தாலும் அதே கதைதான். அழுத்தவோ குத்தவோ கூடாது, சோதிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

மறுநாள் காலை புறப்படும் முன், அவளுக்குக் கடைசியாக ஒரு கணக்குக் கொடுத்தேன். அதே கணக்கு உங்களுக்கும். விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டினாற்போல் ‘பட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். கணினி ஓர் அறிக்கை எழுதி, அதை எங்கே வைத்திருக்கிறது என்றும் சொல்லும். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள். பட்டரி செய்யப்பட்டபோது அதற்கென்று குறித்த கொள்ளளவு ஒன்று. இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் கொள்வது மற்றது. மருமகளின் லப்டொப்பில் முதலாவது 41,040 மில்லிவாட் மணித்தியாலம், இரண்டாவது 24,624. இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினாள். 60 வீதம். “அதுதான் ரெண்டு மணித்தியாலத்திலை நிக்குது!” என்றாள்.

உங்கள் வீட்டு லப்டொப்பிலும் பார்த்து, விடையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை வருடப் பட்டரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விடை நூறைத் தாண்டி வந்தால் கணக்குப் பிழை என்று அழித்துவிட வேண்டாம். புத்தம்புதுப் பட்டரிகள் சிலவற்றில் அப்படியும் வரும்.